ஜன்னல் சீட் யாருக்கு?

அத்தியாயம் 14

அவள் ஆண்டவரிடம் இரண்டு வேண்டுதல் வைத்தாள். ஒன்று, சின்னவனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டும். இன்னொன்று, கிடைக்கவே கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்திதான். மேலே இருப்பவர் பாவம், எதைக் கேட்பார், எதை விடுவார்?

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்து மாட்டுகிற வேலை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பெரியவன் மூன்று வருஷமாக அந்தக் கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். நகரத்துப் பையன்களில் பாதிப் பேர் நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். ஒரு வகுப்பு நிறையும் அளவுக்குத்தான் எடுப்பார்கள். சின்னவனும் இப்போது தேறிவிட்டான். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று நான் சொல்ல வேண்டாம், கொஞ்ச நேரத்தில் உங்கள் காதே சொல்லிவிடும்.

இன்று சனிக்கிழமை. ரேடியோவுக்கு நேர்காணல்.

பெரியவனுக்கு அங்கே வரவேற்பு வேலை. விடியும் முன்பே கிளம்பிவிட்டான். குடித்த டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. போர்வை மடித்திருந்தது. நாற்காலி மேஜைக்குள் தள்ளியிருந்தது. அவன் இருந்ததற்கான சுவடே அந்த அறையில் இல்லை.

“எழுந்த சத்தமே கேக்கலைங்க,” என்றாள். “லாட்ஜ்ல தங்கறவன்கூட ஒரு துண்டையாவது ஈரமாப் போட்டுட்டுப் போவான்.”

“பிள்ளைக்குப் பொறுப்பு வந்திருக்குன்னு சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு...” வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “டேய் ரேடியோ, இங்க வா. இந்தப் பள்ளியில ஏன் சேர ஆசைப்படுற?”

“ஒழுக்கமும் அறிவும் இறைநம்பிக்கையும் ஒண்ணா வளர்ற இடம் இதுங்கறதால,” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். “ஏம்ப்பா, மூணும் ஒண்ணா வளர்ந்தா எதுக்கு முதல்ல தண்ணி ஊத்துவாங்க?”

“அங்க வந்து இந்தக் கிண்டலெல்லாம் பண்ணின, தோலை உரிச்சிடுவேன்.”

“தோல் இல்லாம யூனிஃபார்ம் போட்டா உறுத்தாதா?”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. பழுது பார்த்து முடித்ததும் சரியாக ஓடுகிறதா என்று ஏறி இறங்கிப் பார்ப்பார். அந்தப் பள்ளியில் படித்த, கோட்டுப் போட்டவர்கள் ஏறுவார்கள். “நீங்க எந்த செட்?” என்பார் ஒருவர். “குண்டு ஃபாதர் இருந்த காலம்,” என்பார் மற்றவர். அவ்வளவுதான், இரண்டு பேரும் பையன்களாகிவிடுவார்கள். மூலையில் கருவிப் பையோடு நிற்கிறவர் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. பட்டாலும், “பன்னிரண்டாவது மாடி,” என்பார்கள். அவர் பொத்தானை அமுக்குவார். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு நாள் தன் பிள்ளை நின்று சிரிக்க வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஏக்கம். பெரியவன் சேர்ந்த பிறகு அவர்களில் ஒருவர், “அட, நம்ம ஸ்கூலா!” என்று அவருடைய கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்குக் கையைக் கழுவாமல்தான் வீட்டுக்கு வந்தார்.

அவளும் நன்றி கெட்டவள் இல்லை. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளையாகத்தான் பெரியவனை அங்கே கொண்டுபோய் விட்டாள். பின்னக் கணக்கு என்றால் அழுவான். அங்கே துறவியாக இருக்கிற ஒரு பிரதர், பள்ளி விட்ட பிறகு தினமும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனுக்கே கணக்கு பிடித்துப்போகும் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். இன்று கோயில் பூசையில் நிறைய ஜனங்களுக்கு முன்னால் பைபிள் வாசகம் வாசிக்கிறான், குரல் நடுங்குவதில்லை. இதெல்லாம் அந்தப் பள்ளி கொடுத்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் திங்கட்கிழமைதோறும் மதிப்பெண்படி வகுப்பில் இடம் மாற்றி உட்கார வைப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே இவனுக்குச் சோறு இறங்காது. பிசைந்துகொண்டே இருப்பான். போதாக்குறைக்கு இப்போதெல்லாம் தண்ணீர் கொடுத்தால், “நன்றிம்மா,” என்கிறான். தண்ணீர் கொடுத்ததற்கு எந்தப் பிள்ளையாவது பெற்றவளுக்கு நன்றி சொல்லுமா? முதல் தடவை அதைக் கேட்ட அன்று அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

போன மாசம் அவனுக்குக் கண் பவர் மாறியது. கடைக்கு வந்தான். லென்ஸின் நடு சரியாக அமைய, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். எதிரே உட்கார வைத்து, “என் கண்ணையே பாருங்க,” என்று சொல்லி மூக்கின்மேல் ஸ்கேலை வைப்பாள். யாருக்கும் ஒரு நொடி வேலை. இவனுக்குத் திரும்பத் திரும்ப அளந்தாள்.

“சரியா வரலையாம்மா?”

“இருடா, ஆடாத.”

முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. பிள்ளை முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றுதான் அவளுக்கு இருந்தது. மேலுதட்டில் மீசைக்காரன் ஆகப் போகிற அடையாளம். அது எப்போது வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

*

பள்ளி வாசலில் மாணவர்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் ஒருவன் அழைத்துக்கொண்டு போய், அறைக்குள் உட்கார வைத்து, முடியும்வரை கதவருகே நின்று, வெளியே கொண்டுவந்து விட வேண்டும். எல்லாருக்கும் ‘சார்’, ‘மேடம்’தான். சொந்த வீட்டார் வந்தாலும் மாறக் கூடாது. அந்த வாசலுக்குள் எல்லாரும் சமம் என்பதற்காக வைத்த வழக்கம். நல்ல வழக்கம்தான், கேட்கும்போது.

வரிசையில் பெரியவன் முறை வந்தபோது எதிரே நின்றது இவர்கள்.

“வாங்க சார். வாங்க மேடம்,” என்றான். உதட்டோரம் லேசாகத் துடித்தது. அவளுக்கும் விளையாட்டாக இருந்தது.

“நல்லாயிருக்கீங்களா தம்பி? சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“ஆச்சு மேடம்.”

“அண்ணா, அண்ணா, என்னை என்னன்னு கூப்பிடுவ? சொல்லு சொல்லு!”

“நீங்க இப்படி வாங்க,” என்றான் பெரியவன், ரேடியோவின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. ரேடியோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணன் தொட்டுவிட்டானே!

தாழ்வாரம் நீளமாக, பளிச்சென்று இருந்தது. நூலகத்தின் கதவு திறந்திருந்தது; உள்ளே கூரை வரைக்கும் புத்தகம். “இது எல்லாத்தையும் படிக்கணுமா, இல்ல பிடிச்சதை மட்டுமா?” என்று ரேடியோ கேட்டான். “பிடிச்சதையும் படிக்கலாம்,” என்றான் பெரியவன். அந்த ஒரு கணம் அவன் கண் மின்னியது. இவனுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பிடிக்காமல் போயிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

முதல்வர் அறைக்கு வெளியே வீட்டுக்காரர் காதோரம் சொன்னார்: “போன தடவை மாதிரியே சொல்லிடு. சத்தமா.”

அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியில் தாள் எத்தனை நிரப்பிக் கொடுத்தாலும் கடைசியில் ஃபாதர், அப்பாவிடம் ஒரு தடவை, அம்மாவிடம் ஒரு தடவை, தனித்தனியாகக் கேட்பார்: உங்கள் பிள்ளையை மனசாரத் தருகிறீர்களா? வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், “சம்மதம் ஃபாதர்!” என்று அவள் போட்ட சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. வீட்டுக்காரர் ஒரு மாசம் கிண்டல் பண்ணினார்.

*

முதல்வர் ஃபாதர் ஒல்லியான மனிதர். ஜலதோஷம் வேறு. அவர் கண்ணாடி இடப்பக்கம் சரிந்திருப்பதை அவள் நுழைந்ததுமே பார்த்துவிட்டாள். மூக்குத் தாங்கி வளைந்திருந்தது. கொடுத்தால் அரை நிமிஷத்தில் நிமிர்த்திவிடலாம்.

பையன் முன்னால் தனி நாற்காலியில். பெற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால். ஜாடை காட்ட முடியாது, வாயசைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. பெரியவன் கதவருகே, கைகளைப் பின்னால் கட்டி நின்றான். நான்கு பேரும் ஒரே அறையில், யாரும் புத்தகத்தில் தலையைக் கவிழ்க்காமல் இருந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

“ஏன் இந்தப் பள்ளியில சேரணும்னு ஆசைப்படறே?” என்று ஃபாதர் கேட்டார்.

“ஒழுக்கமும் அறிவும்...” ரேடியோ நின்றான். ரேடியோ நின்று நான் பார்த்ததேயில்லை. “ஃபாதர், உண்மையைச் சொல்லலாமா?”

வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“சொல்லு.”

“எங்கண்ணன் இங்கதான் இருக்கான் ஃபாதர். அதான்.”

“அண்ணன் தினமும் வீட்டுக்கு வர்றானே?”

“வர்றான். படிக்கிறான், சாப்பிடறான், படுத்துக்கறான். நான் ஏதாவது சொன்னா ‘நாளைக்கு’ங்கறான். நாளைக்குப் போய்க் கேட்டா அன்னிக்கும் ‘நாளைக்கு’தான். ஆனா பஸ்ல படிக்க மாட்டான் ஃபாதர், தலை சுத்தும் அவனுக்கு. இங்க சேர்ந்தா போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பக்கத்துலயே உக்காந்திருக்கலாம்ல? அப்ப பேசித்தானே ஆகணும்? எங்க ஓடுவான்?”

ஃபாதர் சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அது ஜலதோஷத்துக்காகவும் இருக்கலாம்.

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். பெரியவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

பிறகு ஃபாதர் இரண்டு கணக்கு கேட்டார். ரேடியோ டக்கென்று சொல்லிவிட்டு, மூன்றாவதாக அவனே ஒன்று கேட்டான். ஃபாதர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“எங்களுக்குத் திருப்தி,” என்றார். “சார், உங்க பிள்ளையை மனசாரத் தர்றீங்களா?”

“சம்மதம் ஃபாதர்.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

“நீங்கம்மா?”

அவள் வாயைத் திறந்தாள். கண்ணுக்கு எதிரே ரேடியோவின் பின்னங்கழுத்து. நேற்று முடிவெட்டிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. இவனும் ஒரு நாள் நன்றிம்மா என்பானோ? ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைவானோ? வேண்டாம் என்றால் நூலகம் போச்சு, கணக்கு போச்சு, அண்ணனும் போச்சு. வீட்டுக்காரர் அவள் முழங்கையை மெல்ல இடித்தார்.

“ஃபாதர், ஒரு நிமிஷம். நான் ஒருத்தன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.” அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுடா. உன் தம்பி இங்க வரட்டுமா?”

பெரியவன் நிமிர்ந்தான். “அது உங்க விருப்பம், மேடம்,” என்றான்.

வாசலில் சொன்னது விளையாட்டு. இது விளையாட்டில்லை. அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. சொன்ன மறுகணம் அவன் முகம் செத்துப்போயிற்று. “அம்மா...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். ரேடியோ மட்டும் திரும்பிப் பார்த்து, “ஐயோ அண்ணா!” என்று சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் அவனும் நிறுத்திவிட்டான்.

அவள் எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

“போன தடவை நான்தான் ஃபாதர் சத்தமாச் சொன்னேன். இல்லைன்னு சொல்லல. நீங்க அவனை நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க, என்னால முடியாததெல்லாம் பண்ணியிருக்கீங்க. ஆனா எனக்கு அவனைப் பாக்கணும்போல இருக்கு. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எனக்குப் பிள்ளையைத் தேடுது. முதல்ல குடுத்தவனை ஒரு நாளைக்காவது திருப்பிக் குடுங்க. அப்புறம் இவனைப் பத்திப் பேசலாம்.”

“என்ன பேசற நீ?” என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். “ஃபாதர், மன்னிச்சிடுங்க, அவ...”

ஃபாதர் கையை உயர்த்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நானும் இதே பள்ளியில படிச்சவன்தாம்மா,” என்றார். “எங்கம்மா ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கலாம்.” பிறகு கதவைப் பார்த்தார். “உன் வேலை முடிஞ்சது. இவங்களோட வீட்டுக்குப் போ.”

“ஃபாதர், இன்னும் நாலு குடும்பம் வெளிய...”

“கதவை நானே தொறந்துக்குவேன். போ.” அவளிடம் சொன்னார்: “திங்கட்கிழமை காலைப் பூசை முடிஞ்சு வந்து சொல்லுங்க. எதுவானாலும் சரி. ஆனா வாயால.”

அவள் வெளியே வந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. கண்ணாடியை நிமிர்த்திக் கொடுத்திருக்கலாம்.

*

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது வீட்டுக்காரர் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று போனார். கோபம் நடையிலேயே தெரிந்தது. ரேடியோ அவருக்கு லிஃப்ட் நடுவழியில் நின்றால் எப்படி மூச்சு விட வேண்டும் என்று விளக்கிக்கொண்டு போனான்.

பெரியவன் பின்தங்கி அவளோடு நடந்தான். டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

“சாரிம்மா. வாய்ல வந்துடுச்சு.”

“விடுடா.” அவன் தோளில் கை வைத்தாள். எட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. “பஸ்ல உனக்கு அவனோட ஒரு மணி நேரம். தப்பிக்க முடியாது.”

அவன் சிரிக்கவில்லை. நின்றுவிட்டான்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். அடுத்த வருஷத்துலேர்ந்து எங்க வகுப்பு மொத்தமும் ஹாஸ்டல். யாரும் வீட்லேர்ந்து வரக் கூடாது. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் விடுவாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“போன வாரமே. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அப்பா சரின்னுட்டாரு.” அவன் செருமிக்கொண்டான். “இன்னிக்கு முடியட்டும், அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னாரு. அவன் உள்ள பஸ்ஸைப் பத்திப் பேசறப்ப எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியலம்மா.”

முன்னால் போகிற முதுகைப் பார்த்தாள். இஸ்திரிச் சட்டை போட்ட முதுகு. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் சத்தமாகச் சொல் என்றிருக்கிறார்.

“அது கிடக்கட்டும்,” என்றாள். “நீ என்னடா சொன்ன? உனக்கு ஹாஸ்டல் போக இஷ்டமா?”

“என்னை யாரும் கேக்கலையேம்மா.”

“நான் கேக்கறேன். இப்பக் கேக்கறேன். சொல்லு.”

அவன் அவள் கண்ணையே பார்த்தான், கடையில் அளந்தபோது பார்த்த மாதிரி. வாயைத் திறந்தான்.

“அண்ணா! பஸ்ஸு!” என்று ரேடியோ தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். “ஓடி வா, சீட் பிடிக்கணும்!”

ஓடி ஏறினார்கள். ரேடியோ முண்டியடித்து இரண்டு பேர் உட்காரும் இருக்கையைப் பிடித்து, பையை வைத்து மறித்து, அண்ணன் வந்ததும் பையை எடுத்தான். அவனை ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வைத்தான்.

வீட்டுக்காரர் பின் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி அவளைக் கூப்பிட்டார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க பாரு,” ரேடியோ ஆரம்பித்துவிட்டான். “போகும்போது நீ ஜன்னல், வரும்போது நான். மழை பெஞ்சா மாத்திக்கலாம். ஸ்கூல் முடியற வரைக்கும் இதான் பேச்சு. சரியா?”

பெரியவன் தலையாட்டினான்.

“தலையாட்டினா செல்லாது. ஃபாதர் சொன்னாருல்ல? வாயால சொல்லு.”

பெரியவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவளால் ஒரு ஜாடையும் காட்ட முடியவில்லை.

“சரிடா,” என்றான்.

ரேடியோ திருப்தியாகச் சாய்ந்துகொண்டு, மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததைப் பேச ஆரம்பித்தான். வீட்டுக்காரர் இன்னொரு தடவை இருக்கையைத் தட்டினார். வீடு வந்து சேரும்வரை அவள் உட்காரவில்லை.